நங்கநல்லூரிலிருந்து தரமணி, ஞாயிறு ஈசிஆர்: இரண்டுக்கும் ஒரே சைக்கிள் கிடைக்குமா?

சுதா_நங்கநல்லூர்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு நங்கநல்லூர், ஆபீஸ் தரமணி. ஆதம்பாக்கம் வழியாக வேளச்சேரி விஜயநகர் வந்து தரமணி ரோட்டைப் பிடித்தால் ஒரு பக்கம் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். ஸ்கூட்டியில் போனாலும் பாதி நேரம் சிக்னலில்தான் கழிகிறது. அதனால் சைக்கிளுக்கு மாறுவது என்று முடிவாகிவிட்டது. எந்தச் சைக்கிள் என்பதில்தான் குழப்பம்.

இப்போது ஓட்டுவது மகனுக்கு வாங்கிய கியர் சைக்கிள். 26 அங்குலச் சக்கரம், பட்டன் பட்டனாக டயர், முன்னால் சஸ்பென்ஷன். எழுந்து நின்று மிதித்தால் சைக்கிள் முன்னே போவதைவிட மேலும் கீழும் போவதுதான் அதிகம். ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர் ஞாயிறு காலையில் முட்டுக்காடு வரை போவார்கள், டிசம்பர், ஜனவரியில் மாமல்லபுரம். நான் போனால் எனக்காக அவர்கள் நின்று நின்று போக வேண்டியிருக்கிறது.

வேகமாகப் போக வேண்டும். மெட்ரோவுக்காகத் தோண்டிய ரோட்டில் தினமும் இறங்கி ஏறினாலும் ரிம் கோணக் கூடாது. உயரம் 162 செ.மீ., எடை 71 கிலோ. லேப்டாப், டிபன், மாற்றுத்துணி எல்லாம் சேர்த்து ஐந்து கிலோ வரும். பட்ஜெட் 40,000 ரூபாய், ஹெல்மெட்டும் பூட்டும் அதற்குள்ளேதான். ஒரு கடையில் வளைந்த ஹேண்டில்பார் இல்லாவிட்டால் வேகமே வராது என்கிறார்கள். அடுத்த கடையில் 21 கியர், டபுள் டிஸ்க், டபுள் சஸ்பென்ஷன் என்று அடுக்குகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஏரோ_தம்பி:

ரோடு பைக்தான் அக்கா, அதாவது அந்த வளைந்த ஹேண்டில்பார் சைக்கிள், யோசிக்கவே வேண்டாம். 25 மி.மீ. டயர், எடை பத்துப் பதினொரு கிலோ. எதிர்காற்றில் குனிந்து ஓட்டும்போதுதான் அந்த வளைந்த பாரின் அருமை தெரியும். ஆபீஸுக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டால் போதும்.

பழையசெயின் (திருவான்மியூர்):

தம்பி சொல்வது ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. திங்கள் முதல் வெள்ளி வரை யார் ஓட்டுவது?

ஒரு கணக்குப் போடுங்கள் சுதா. ஒன்பது கிலோமீட்டரை, சிக்னல் எல்லாம் சேர்த்து, சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 36 நிமிடம். சராசரி 18 என்றால் 30 நிமிடம். வேளச்சேரி நெரிசலில் சராசரியை மூன்று ஏற்றுவதே பெரும்பாடு, அதில் மிச்சம் ஆறு நிமிடம். ஒரே ஒரு பஞ்சர் இருபது நிமிடத்தை விழுங்கும், கையெல்லாம் கரியும் ஆகும். ஆகவே ஆபீஸ் சைக்கிளில் வேகம் என்று நான் சொல்வது, நடுவழியில் நிற்காமல் போய்ச் சேர்வதைத்தான். அதற்கு ஃபிரேமின் எடையைவிட டயரும் பின் சக்கரமும் முக்கியம். கடைக்காரர்கள் இந்த இரண்டைப் பற்றித்தான் வாயே திறக்க மாட்டார்கள்.

டயர் 700சி (ரோடு பைக், ஹைப்ரிட் சைக்கிள்களில் வரும் பெரிய சக்கர அளவு), அகலம் 32 அல்லது 35 மி.மீ., நடுப்பகுதி வழுவழுப்பாக இருக்கட்டும். அகலமான டயர் மெதுவாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் இழுத்துப் பிடிப்பது பெரிய பட்டன்களும் தடித்த ரப்பரும்தான். சல்லி தெரியும் ரோட்டில் 25 டயருக்கு முழுக் காற்று அடித்து ஓட்டினால் துள்ளுவதிலேயே பலம் வீணாகும். உங்கள் எடைக்கும் சுமைக்கும் 32 டயரில் முன்னால் 55, பின்னால் 65 பிஎஸ்ஐ என்று ஆரம்பித்து, பிறகு உங்களுக்கு ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள். காற்று ரொம்பக் குறைந்தால் பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். முதல் டயர் தேய்ந்ததும் ஷ்வால்பே மாரத்தான் மாதிரி உள்ளே பஞ்சர் காப்புப் பட்டை வைத்த டயருக்கு மாறுங்கள். கொஞ்சம் கனம்தான், பரவாயில்லை.

இன்னொன்று. தெருமுனை பஞ்சர் கடையில் 28 அங்குல டயர் தொங்கும். அது பால்காரர் ஓட்டும் பெரிய சைக்கிளுக்கானது. ரிம்மில் உட்காரும் விளிம்பின் விட்டம் அதில் 635 மி.மீ., 700சி-யில் 622. அவசரத்துக்கு என்று வாங்கி வந்தால் மாட்டாது. அதனால் மாற்று டியூப் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

அடுத்தது பின் சக்கரம். கடையில் ‘ஃப்ரீவீலா, கேசட்டா?’ என்று கேளுங்கள். 7 ஸ்பீடு மலிவு மாடல்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல், அதாவது பல்சக்கரத் தொகுதியை ஹப்பில், சக்கரத்தின் நடுக்குடத்தில், திருகி மாட்டியிருப்பார்கள். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சிலின் ஒரு நீளம் தாங்கல் இல்லாமல் வெளியே நிற்கும். கேரியரில் சுமையோடு பள்ளத்தில் இறங்க இறங்க அந்த இடத்தில்தான் வளையும். கேசட் என்றால் பல்சக்கரங்களை ஹப்போடு சேர்ந்த உருளையில் செருகியிருப்பார்கள், அதில் பேரிங் ஓரத்துக்கே வந்துவிடுகிறது. 8 ஸ்பீடு கேசட், 32 அல்லது 36 ஸ்டெயின்லெஸ் ஸ்போக், இரட்டைச் சுவர் ரிம். இவ்வளவு இருந்தால் ரிம் கோணும் பயம் பெருமளவு போய்விடும்.

21 கியரை மறந்துவிடுங்கள். சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். முன்னால் 46 பல், பின்னால் 16 பல், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 700சி சக்கரம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் வேகம் தரும். உங்கள் ஞாயிறு கோஷ்டிக்கு அது தாராளம். ஏலகிரிக்குப் போகிற அன்று 14 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிக் கவலைப்படலாம்.

சஸ்பென்ஷன் வேண்டவே வேண்டாம். இந்த விலையில் வரும் ஃபோர்க் இரண்டரை கிலோ இரும்பு, கடற்கரைப் பக்கம் சீக்கிரமே துருவேறி இறுகிவிடும். சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையை 35 டயர் செய்துவிடும்.

சுருக்கமாக, நேர் ஹேண்டில்பார், ரிஜிட் ஃபோர்க் (சஸ்பென்ஷன் இல்லாதது), அலுமினிய ஃபிரேம் உள்ள ஹைப்ரிட், அதாவது ரோடு பைக்குக்கும் கரடுமுரடுக்கான சைக்கிளுக்கும் இடைப்பட்டது. மட்கார்டும் கேரியரும் மாட்ட ஃபிரேமில் திருகு துளைகள் இருக்க வேண்டும், இது கட்டாயம். முப்பதாயிரத்துக்குள் முடித்து மீதியை ஹெல்மெட், யூ பூட்டு, முன்பின் லைட், மட்கார்டு, கேரியர், கைப்பம்ப் என்று செலவழியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. பழைய ஸ்டிக்கர் விலையைக் காட்டினால் பில்லைக் கவனியுங்கள்.

மல்லி_தரமணி:

நானும் அந்த ரோட்டில்தான் போகிறேன் சுதா. முதுகில் பை மாட்டச் சொல்கிறவர்கள் மே மாதம் ஒரு நாள் மாட்டிப் பார்க்கட்டும். ஆபீஸுக்குள் நுழையும்போது முதுகு முழுக்க நனைந்திருக்கும். கேரியரில் பக்கவாட்டில் தொங்கும் பை வாங்குங்கள், மழை உறையோடு. சுடிதார் என்றால் செயின் பக்கம் ஒரு கார்டு இருப்பது நல்லது, துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சைக்கிள் வாங்கும் முன்னாலேயே ஆபீஸில் எங்கே நிறுத்த விடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடத்தில் பைக்குக்கு மூன்று மாடி, சைக்கிளுக்கு ஜெனரேட்டர் பின்னால் ஒரு மூலை. அதற்கே கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது.

சுதா_நங்கநல்லூர்:

கடிதமா! நாளைக்கே கேட்கிறேன் மல்லி. பழையசெயின் சார், இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை, ரொம்ப நன்றி. பிரேக் பற்றி மட்டும் சொல்லவில்லையே? டிஸ்க் வேண்டுமா, சாதாரணம் போதுமா? அப்புறம், நேர் ஹேண்டில்பாரில் மாமல்லபுரம் வரை போனால் கை வலிக்காதா?

நெடுந்தூரன்:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். பிஆர்எம் எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரிகளில் ஹைப்ரிட் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். 200 கிலோமீட்டருக்குக் கொடுக்கும் நேரம் பதின்மூன்றரை மணி, அதாவது சராசரி 15-க்குக் கொஞ்சம் குறைவு. அதை நேர் ஹேண்டில்பாரில் தாராளமாக முடிக்கலாம். கை மரத்துப் போகும் என்றால் இரு முனையிலும் பார் எண்ட் என்ற கொம்பு மாதிரிப் பிடிகளை மாட்டி, அடிக்கடி பிடியை மாற்றுங்கள்.

காற்றைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். நீங்கள் சொல்லும் டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று. மாமல்லபுரம் போகும்போது முதுகில் தள்ளும், ‘அட, நமக்கு இவ்வளவு வேகமா!’ என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். பாதித் தெம்பைத் திரும்புவதற்கு மிச்சம் வையுங்கள்.

பிரேக்கில் என் வாக்கு டிஸ்க்குக்கு. மழையில் ரிம் பிரேக் முதல் சுற்றில் பிடிக்காது. சேறும் மணலும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் புகுந்து ரிம்மையே அரைத்துவிடும்.

பழையசெயின் (திருவான்மியூர்):

மழை வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா டிஸ்க்கும் ஒன்றல்ல. ஹைட்ராலிக் வேண்டாம் சுதா, எண்ணெய் கசிந்தால் பார்க்கத் தெரிந்த கடை உங்கள் தெருவில் இருக்காது. கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க், அதுவும் பெயர் தெரிந்த கம்பெனியுடையது கிடைத்தால் எடுங்கள். கேட்டறியாத பெயரில் டிஸ்க் என்றால் அதைவிட நல்ல வி-பிரேக், அதாவது ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக், மேல். கட்டை எங்கும் கிடைக்கும், நீங்களே மாற்றலாம். ரிம் தேய்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

வேளச்சேரியில் தண்ணீர் நின்றால் எந்த பிரேக்காக இருந்தாலும் இறங்கித் தள்ளுங்கள், முடிந்தால் வேறு வழி. தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத குழி இருக்கிறதா என்று தெரியாது. ஹப் மூழ்கியிருந்தால் பேரிங்கைப் பிரித்து கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள்.

ஈசிஆர் போய் வந்தால் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய். அலுமினியம் துருப்பிடிக்காது என்று சும்மா விடாதீர்கள். சீட் போஸ்ட்டைக் கழற்றி கிரீஸ் தடவாவிட்டால் ஒருநாள் உள்ளேயே இறுகிக்கொள்ளும்.

சுதா_நங்கநல்லூர்:

சரி சார். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். அளவு எப்படிச் சரிபார்ப்பது?

பழையசெயின் (திருவான்மியூர்):

செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, ஒரு தடிப் புத்தகத்தைக் கவட்டில் வைத்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து (பெடலிலிருந்து அல்ல) சீட்டின் மேல்பகுதி வரை வர வேண்டிய உயரம் கிடைக்கும். 74 செ.மீ. என்றால் சுமார் 65. இது தொடக்கம்தான், ஓட்டிப் பார்த்து அரை, ஒரு சென்டிமீட்டர் மாற்றிக்கொள்ளலாம். சீட் உயரத்தை எப்படியும் மாற்றலாம், ஹேண்டில்பாருக்கு எட்டும் தூரத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. எட்டிப் பிடிக்க முழங்கை விறைத்தால் ஒரு அளவு சின்ன ஃபிரேமைக் கேளுங்கள். கடைவாசலில் ஒரு வட்டம் போதாது, அந்தத் தெரு முழுக்க ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

டியூப்பின் வால்வையும் பாருங்கள். மெலிசாக, தலையில் குட்டித் திருகோடு இருந்தால் அது பிரெஸ்டா, தெருமுனைக் கடைப் பம்ப் அதில் உட்காராது. அதற்கு விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் விற்கிறது. இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் தொலையும்.