ஒன்பது வயதுப் பிள்ளை கையில் கொடி எதற்கு?

தேவிகுளத்தான்:
எங்கள் அப்பா தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மீசை முளைத்த நாளில் இருந்து யூனியன்காரர். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளைக் கட்சியின் பிள்ளைகள் அமைப்பில் சேர்க்கணும், அடுத்த ஊர்வலத்தில் அவள் கொடி பிடித்து நடக்கணும் என்று கொஞ்ச நாளாக வீட்டில் பேச்சு. முடியாது என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நம்ம பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய இருப்பதால் கேட்கிறேன், நான் சொல்வதில் என்ன தப்பு?

கேரளாவில் இது புதுசு இல்லை. இடதுசாரிகளின் பாலசங்கம் 1938-லேயே கல்யாசேரியில் வேர் விட்டது. அந்தப் பக்கம் ஆர்.எஸ்.எஸ். சார்பான பாலகோகுலம் கிருஷ்ண ஜெயந்திக்குப் பிள்ளைகளுக்கு வேஷம் கட்டி ஊர்வலம் விடுகிறது. ரெண்டு பேரும் பிள்ளைகளைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். நானும் அப்பா தோளில் உட்கார்ந்து மே தின ஜாதாவுக்கு, அதான் ஊர்வலத்துக்கு, போனவன்தான். ‘முர்தாபாத்’, ஒழிக, என்று கத்துவேன், யாருக்கு, எதுக்கு என்று தெரியாது.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் லைன் வீடுகளில், ஒரே வரிசையில் மூன்று யூனியன் குடும்பங்கள். நாலாவது வீட்டுப் பையன் என் வயசு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒரு சம்பள ஒப்பந்த நேரத்தில் அவன் அப்பாவும் என் அப்பாவும் கைகலந்துவிட, அவன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு, அவனுக்கும் அதே. தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு நிற்போம். அந்தப் பகையில் எங்கள் ரெண்டு பேருக்கும் என்ன பங்கு? பதினெட்டு வயது ஆகட்டும், அவளே படித்து, நாலு பேரைப் பார்த்து, எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் போகட்டும், எதுவும் வேண்டாம் என்றாலும் சரி.

கொழுந்துக்காரி மகள்:
அண்ணே, குழாயடியில் நீங்கள் நின்றதைப் படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினெட்டு வயது வரை எதையும் ஊட்டாமல் ஒரு பிள்ளையை வளர்க்கலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். பேர் வைக்கிற அன்றைக்கே சாமி வந்துவிடுகிறது, சாதி வந்துவிடுகிறது. மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் யாரும் பிள்ளையிடம் கேட்பதில்லை. அதுக்கெல்லாம் பார்க்காத வயதைக் கொடிக்கு மட்டும் ஏன் பார்க்கணும்?

நம்ம தாத்தா பாட்டிமார் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணியிடம் முன்பணம் வாங்கி மலையேறினவர்கள். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, வீடு கொடு, அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும் நேரத்தில் கைப்பிள்ளையை விட்டுப்போக கிரெஷ் கொடு என்று அதில் எழுதினார்கள். எழுதினது லயத்துக்கு வந்து சேர யூனியன்கள் சண்டை போட வேண்டியிருந்தது. 1958 மூணாறு தோட்டப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஹசன் ராவுத்தரும் பாப்பம்மாளும் செத்தார்கள். அப்போது திருவனந்தபுரத்தில் இருந்தது ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி, அதையும் எங்கள் வீட்டில் மறைக்காமல் சொல்லித்தான் வளர்த்தார்கள். நீங்களும் நானும் பள்ளிக்கூடம் போக முடிந்ததே அந்த அரசியலால்தான்.

2015 செப்டம்பரில் தோட்டத்துப் பொம்பளைகளே நடத்திய பொம்பிளை ஒருமை போராட்டம் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கம்பெனிக்காரர்கள் 20 சதவீத போனஸை 10 ஆக்கினார்கள், ஆயிரக்கணக்கான பொம்பளைகள் மூணாறு டவுனில் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள், எந்த யூனியன் தலைவரும் பக்கத்தில் வரக்கூடாது என்று விரட்டினார்கள். ஒன்பதாம் நாள் கம்பெனியில் 20 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். என் அம்மா அந்த ரோட்டில் இருந்தார். அப்பா யூனியனில் பொறுப்பில் இருந்தார். நான் அப்போது பிளஸ் டூ. ராத்திரி அம்மா வரும்போது தொண்டை கட்டிச் சத்தமே வராது, நான் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுப்பேன், அவர் முற்றத்து ஓரமாக நின்று கொப்பளிப்பார், அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவ்வளவு பேர் நடுவில் கோஷம் எடுத்துக் கொடுக்க அம்மாவுக்கு எங்கே பழக்கம்? கல்யாணம் ஆன நாளில் இருந்து அப்பாவோடு ஜாதாவில் நடந்த பழக்கம்தான். அப்பா சொல்லிக்கொடுத்ததை வைத்தே அப்பாவின் யூனியனைக் கேள்வி கேட்டார். அரசியல் பேசாத வீடாக இருந்திருந்தால் அம்மா அன்றைக்கும் கொழுந்துக் கூடையோடு மலைக்குத்தான் போயிருப்பார்.

பீர்மேட்டுப் பேரன்:
நான் தேவிகுளத்தான் பக்கம். கட்சி மட்டும் இல்லை, மொழிப் போராட்டமும் வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகள் தலையில்தான் விடியும். எங்கள் தாத்தா திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்காரர். தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேரணும் என்று மார்ஷல் நேசமணி பின்னால் 1954-ல் நின்றவர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் அந்தப் பக்கம் போனது, செங்கோட்டையும் போனது, நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம்.

தாத்தாவுக்கு அது கடைசி வரை ஆறவில்லை. மலையாளம் பேசினால் அடி. அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். தமிழ் மீடியத்தில் படித்தேன், அதில் எனக்குப் பெருமைதான், ஆனால் மலையாளம் எழுதப் படிக்கவே கூடாது என்று தடுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. வில்லேஜ் ஆபீஸில் இருந்து ஒரு கடுதாசி வந்தால் அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டிக்கொண்டு நிற்கணும். எங்கள் நிலத்து விஷயம் முழுக்க அவருக்குத் தெரியும். தாத்தா பட்ட பாட்டை மதிக்கிறேன், ஆனால் 1956-ல் முடிந்த வழக்குக்கு மூன்றாம் தலைமுறை ஏன் அபராதம் கட்டணும்? என் பையன் ரெண்டும் எழுதுகிறான், அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

தேவிகுளத்தான்:
தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் அவர் ரோட்டில் இருந்த நாளெல்லாம் வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்தது யார்? பிளஸ் டூ படிக்கிற நீங்கள்தானே? எங்கள் வீட்டில் கமிட்டி கூடினால் பத்துப் பதினைந்து கட்டன் சாயா போகணும். அம்மா அப்போதுதான் மலையில் இருந்து அட்டைக்கடியோடு இறங்கி வந்திருப்பார். அக்கா கிளாஸ் கழுவுவாள், திரும்பவும் கேட்பார்கள், திரும்பவும் கழுவுவாள். முன் அறையில் சமத்துவம் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா பத்தாவதோடு நின்றாள். இயக்கத்துக்காக நம்ம குடும்பம் செய்த தியாகம் என்று அப்பா மேடையில் சொல்வார். தியாகம் பண்ணினது அக்கா, அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சித்தூர் வாத்தியார்:
வேலையில் இருந்தவரை பள்ளிக்கூடத்தில் ரெண்டு கட்சிப் பிள்ளைகளையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜென்னிங்ஸ், நீமி என்ற இருவர் 1965-ல் பள்ளியின் கடைசி வகுப்பு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோர்களையும் தனித்தனியே விசாரித்துப் பார்த்தார்கள். எந்தக் கட்சி என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாகவே இறங்கியிருந்தது. தனித்தனிப் பிரச்சினைகளில் என்ன கருத்து என்பது அந்த அளவுக்கு இறங்கவில்லை.

எனக்கு இது ஆச்சரியம் இல்லை, எங்கள் குடும்பத்தில் நடந்தது அதுதான். 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது, தாத்தா ஒரு பக்கம், அவர் தங்கச்சி வீட்டுக்காரர் மறு பக்கம். என் அத்தையை அந்த வீட்டுப் பையனுக்குத்தான் முறைப்படி பேசி வைத்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றி, புடவை எடுத்த பிறகு நின்றுபோனது. 1967-ல் ரெண்டு கட்சியும் ஒரே முன்னணியில் நின்று ஆட்சி அமைத்தன, தலைவர்கள் ஒரே மந்திரிசபையில் உட்கார்ந்தார்கள், எங்கள் ரெண்டு வீடும் மட்டும் சாவுக்குக்கூடப் போய்வருவதில்லை. எதற்காகப் பிரிந்தார்கள் என்று எங்கள் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் தெரியாது, ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று மட்டும் தெரியும்.

அதனால் பதினெட்டு வரை பொத்தி வைக்கச் சொல்லவில்லை. 1989-ல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில், இந்தியாவும் 1992-ல் சேர்ந்தது, 14-ஆவது பிரிவில் பிள்ளைக்குச் சிந்தனைச் சுதந்திரம் உண்டு என்கிறார்கள், கூடவே பிள்ளையின் பக்குவம் வளர வளர அதற்கேற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்கிறார்கள். வழிகாட்டுவது வேறு, ஆள் சேர்ப்பது வேறு. ஒன்பது வயதில் காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள், கட்சிப் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கொழுந்துக்காரி மகள்:
சார், காரணத்தைத் தனியாகப் பிரித்து வகுப்பில் கொடுக்கலாம், லயத்தில் கொடுக்க முடியாது. நாலு பேரோடு சேர்ந்து நடந்தால்தான் பயம் போகும், அது பாடத்தில் வராது.

அண்ணே, அடுப்பு நான்தான் பற்ற வைத்தேன், அப்பா எழுந்திருக்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் உங்கள் அக்காவுக்கு நடந்தது வீட்டுக்குள் அரசியல் வந்ததாலா, இல்லை முன் அறையோடு நின்றதாலா? 2015-ல் பொம்பளைகள் கேட்டதே அதுதான். கொழுந்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் நாங்கள், சந்தா கட்டுவது நாங்கள், பேச்சுவார்த்தைக்குப் போய் உட்காருவது மட்டும் ஆம்பளைகளா? அதைக் கேட்கிற தைரியம் ஒன்பது வயதில் வந்திருந்தால் உங்கள் அக்கா கிளாஸைக் கீழே வைத்திருப்பார்.

பீர்மேட்டுப் பேரன்:
எல்லா வீட்டிலும் உங்கள் அம்மா இருக்கமாட்டார் தங்கச்சி. எங்கள் வீட்டில் கேள்வி கேட்டால் பெல்ட்தான் பேசும். ஒரு அம்மாவை வைத்து ஊரெல்லாம் இப்படித்தான் என்று சொல்லாதீர்கள்.

தேவிகுளத்தான்:
வாத்தியார் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். அப்பா அவளுக்குக் கதை சொல்லட்டும், கங்காணி கதை சொல்லட்டும், பாப்பம்மாளைப் பற்றிச் சொல்லட்டும், அவர் சொன்னால்தான் அதெல்லாம் அவளுக்குக் கிடைக்கும், நான் தடுக்கவில்லை. ஊர்வலமும் மெம்பர் கார்டும் வேண்டாம். குழாயடியில் அவள் யாரைப் பார்த்தும் முகத்தைத் திருப்பக் கூடாது.

கொழுந்துக்காரி மகள்:
ஊர்வலத்தில் உங்களோடு எனக்குச் சண்டைதான், அதை விடமாட்டேன். ஆனால் தாத்தா கதை சொல்கிற அன்றைக்கு உங்கள் அக்காவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பத்தாவதோடு ஏன் நின்றேன் என்று அத்தை வாயால் சொல்லட்டும், தாத்தா முன்னாலேயே சொல்லட்டும், பிள்ளை கேட்கட்டும்.