ஊட்டி: ஸ்டீபன் சர்ச், பொட்டானிக்கல் கார்டன் ஒரே நாளில் நடந்தே பார்க்க முடியுமா?

மலைப்பயணி: அம்மாவுக்கு முட்டிவலி. பஸ்ஸில்தான் வருகிறோம். எதை முதலில் பார்ப்பது? இ-பாஸ் வேண்டுமா?

குன்னூர்வாசி: அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் தேவையில்லை, கார், வேனில் வந்தால்தான். காலையில் ஆட்டோ பிடித்து நேராக சர்ச்சுக்குப் போங்கள். மேட்டில் இருப்பதால் அங்கிருந்து சேரிங் கிராஸ் சந்திப்பு வரை இறக்கம்தான். ஞாயிறு காலை ஆராதனை நடக்கும், வேறு நாள் பாருங்கள். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள்: அந்தப் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. அடிக்கல் 1829-இல். பின்னால் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். மழை பெய்திருந்தால் பாசி வழுக்கும், அம்மாவை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

தோட்டக்காரன்: கார்டன் 1848-இல் மெக்கைவர் என்ற தோட்டக்கலை நிபுணர் அமைத்தது, 22 ஹெக்டேர். வாசலருகே புல்வெளி சமதளம், அம்மாவுக்கு அது போதும். இரண்டு கோடி வருடப் பழைய கல்மரத்தையும் இத்தாலியன் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள். உச்சியில் தோடர் பழங்குடியினரின் மந்து (குடியிருப்பு) இருக்கிறது. ஏற்றம் அதிகம், முட்டிவலிக்கு ஆகாது. மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் கூட்டத்தில் நகரவே முடியாது.

குன்னூர்வாசி: பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாங்க. ஸ்வெட்டரும் மறக்காதீங்க, மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும்.