மறு: ‘இன்எடிபிள்’ காளானுக்கு ஒரு சொல்

வணக்கம். காளான் பட்டியலில் ‘inedible’ என்ற தலைப்புக்கு, அதாவது நஞ்சில்லை ஆனால் உண்ணவும் ஆகாது என்பதற்கு, தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> நச்சுக்காளான் என்று இருக்கவே இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

இருக்கிறது, ஆனால் அது வேறு. கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மழைக்காலத்தில் பட்டுப்போன கட்டைகளில் ஆரஞ்சும் சிவப்புமாக அரைவட்டத் தட்டு மாதிரி ஒன்று பிடித்திருக்குமே, பிக்னோபோரஸ் என்ற காளான், அதை எங்கே சேர்ப்பீர்கள்? காம்பென்று சொல்ல ஒன்றும் இருக்காது. திருப்பிப் பார்த்தால் செவுள் மடிப்புகளும் இல்லை, ஊசியால் குத்தியதுபோல நுண்துளைகள்தான், அவையும் அதே நிறம். ஒடித்தால் ஒடியாது, தோல் வார் மாதிரி வளையும். நஞ்சு என்று எழுதினால் தப்பு, உண்ணலாம் என்று எழுதினால் அதைவிடத் தப்பு. பல்லுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

நச்சுக்காளான் என்பதை நிஜமாகவே நஞ்சுள்ளதற்கு வைத்துக்கொள்வோம். புல்தரையில் வெள்ளைக் குடையாக விரியும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் முற்றியதும் அடிமடிப்பு பச்சையாகும். தின்றவர் சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிடுவார். அது நஞ்சு.

> ‘உண்ணாக் காளான்’ எப்படி?

சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் காளான் உண்ணாவிரதம் இருப்பதுபோலக் கேட்கிறது :) ‘உணவல்லாக் காளான்’ பரவாயில்லை, சரி, கொஞ்சம் அரசாணை வாசனை.

என் பரிந்துரை: கறிக்காகாக் காளான். தக்கலைச் சந்தையில் “மக்களே, இது கறிக்கு ஆவாது” என்றால் விஷம் என்று யாரும் பதறுவதில்லை. முற்றிய வெண்டைக்காய்க்கும் அதே பேச்சுதான். கானோடெர்மா என்ற காளான் பேரினத்துக்கும் இது பொருந்தும். அதில் ஓர் இனம் தென்னையில் அடித்தண்டு அழுகலைக் கொண்டுவரும், 1952 புயலுக்குப் பிறகு அந்த நோய் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் வாங்கியது. அந்தப் பேரினத்திலேயே சிலவற்றை மருந்தென்று காய்ச்சிக் குடிக்கிறார்கள், ஆனால் மரம் மாதிரி இருப்பதை யாரும் கறி வைப்பதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. அடையாளம் உறுதியாகாத எதையும் இந்தத் தலைப்பின்கீழ் போடக்கூடாது, அதற்குத் தனி வரிசை வேண்டும். ஆளைக் கொல்லும் அமானிட்டா வகைக் காளான்களின் நஞ்சு பெரும்பாலும் ஆறு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். “தின்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று அதற்குள் எழுதுகிறவரை நம்பிப் பட்டியல் போட முடியாது.

அப்புறம் ஒற்று: ‘கறிக்காகா’வில் உள்ள ‘ஆகா’, ‘ஆகாத’ என்பதன் கடைசி எழுத்து கெட்டது, அதாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ‘காளா’னுக்கு முன் ‘க்’ மிகும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.