அமெரிக்க ராக் இசைக்குழு ஆர்.ஈ.எம்.-ஐ நேரில் பார்த்தவர்கள், எங்கோ எதிர்கொண்டவர்கள் எழுதுங்கள்

பனிமலையான்:

சுவிஸ், லொசான் நகரம், 1995 மார்ச் 1. 'மான்ஸ்டர்' ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம். தேதியைச் சொன்னாலே இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு விளங்கும். அதால முன்கதையைச் சுருக்கிறன்.

நான் அப்ப ஒரு உணவகத்தில கோப்பை கழுவிக்கொண்டிருந்தனான். கூட வேலை செய்த போர்த்துக்கீசப் பெடியன்ர சிநேகிதி வரேல்ல எண்டதால மிஞ்சின டிக்கெட்டை என்னட்டத் தந்தவன். எனக்கு அவையின்ர ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும். மாண்டலின் வாற 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டு. அது தெரியாத ஆள் அந்த நேரம் ஆர் இருந்தது?

மாலே ஐஸ் அரங்கு. சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ள வந்து அடிக்குது. நிகழ்ச்சி முக்கால்வாசி போயிருக்கும், டிரம்ஸ்காரர் எழும்பிப் போனார். தண்ணி குடிக்கப் போறார் எண்டுதான் நினைச்சன். பிறகு பாத்தால் அந்த இருக்கையில வேற ஆள். முதல் வாசிச்ச கிராண்ட் லீ பஃபலோ குழுவின்ர டிரம்ஸ்காரர் ஜோயி பீட்டர்ஸ். இதெல்லாம் பிறகு வாசிச்சு அறிஞ்சது. அண்டைக்கு அவர் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. பாட்டு ஓடுது, சனம் துள்ளுது, மேடையில வேற ஒராள் இருக்கிறார். நான் பக்கத்தில நிண்ட பெடியனைச் சுரண்டி "ஆள் மாறிட்டுது" எண்டன். அவன் கேட்கேல்ல. திரும்பவும் சொன்னன். அவன் கையைத் தட்டிவிட்டுட்டு ஆடினான்.

எழும்பிப் போன டிரம்ஸ்காரர் பில் பெர்ரிக்கு மூளையில இரத்தக்குழாய் வெடிச்சிருந்தது. நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்த நேரம் மேடைக்குப் பின்னால அந்த மனுசன் தலையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்திருப்பார். லொசானிலதான் மண்டையைத் திறந்து ஒப்பரேசன் செய்தது. மே மாதம் திரும்ப மேடை ஏறிட்டார். அதே பயணத்தில பேஸ் கிதார்காரர் மைக் மில்ஸுக்கு வயித்தில ஒப்பரேசன், பாடுற மைக்கேல் ஸ்டைப்புக்குக் குடலிறக்கம். கிதார்காரர் பீட்டர் பக் ஒருத்தர்தான் தப்பினது.

எனக்கு முப்பது வருசமா விளங்காத ஒண்டு: அந்த அரங்கில அண்டைக்கு எத்தினை பேருக்கு ஆள் மாறினது தெரிஞ்சிருக்கும்?

கேபிள்காலம்:

அண்ணே, அந்த மாண்டலின் பாட்டுதான் என் கதையும். டிஷ் ஆன்டெனா வந்த புதுசு. வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் சத்தத்தைக் குறைச்சு வச்சு எம்டிவி பார்ப்பேன். மழை, ஜன்னல், பால் ஜாடி விழுந்து உடையுது, அப்புறம் அந்த மொட்டைத்தலை ஆகாத ஸ்டைப் (அப்ப முடி இருந்துச்சு) கையக் கால உதறி ஒரு ஆட்டம். நடுவுல கிழிஞ்ச இறக்கையோட ஒரு கிழவன். திரும்பிப் பார்த்தா பின்னாடி அப்பா நிக்கிறார். திட்டப் போறார்னு நினைச்சா, "இது நம்ம காலண்டர் சாமி படம் மாதிரி இருக்கேடா, யார் எடுத்தது?"ன்னார். முடியற வரைக்கும் நின்னே பார்த்துட்டுப் போய்ப் படுத்துட்டார்.

எடுத்தது யாருன்னு பல வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. தர்சேம் சிங். ஜலந்தர்ல பிறந்தவர். 1991 எம்டிவி விருதுகள்ல அந்த ஆண்டின் சிறந்த வீடியோ அதுதான். பில்போர்டு பட்டியல்ல அந்தப் பாட்டு நாலாவது இடம் வரைக்கும் போச்சு. பீட்டர் பக் புதுசா மாண்டலின் வாங்கி, டிவி பார்த்துக்கிட்டே பழகிட்டிருந்தப்ப சிக்கின மெட்டு. கோரஸ்னு ஒண்ணு கிடையாது. அது எப்படி ஹிட் ஆச்சுன்னு கம்பெனிக்காரங்களுக்கே ஆச்சரியம்.

அப்பாகிட்ட போய்ச் சொல்லணும்னு தோணுச்சு, "எடுத்தவர் நம்மாளுதான்"னு. அவர் இல்லை.

அண்ணன் கதையைப் படிச்சதும் இன்னொண்ணு சொல்லத் தோணுது. என்னைப் பொறுத்தவரை 1997 அக்டோபர் கடைசியில பெர்ரி விலகினாரே, அன்னைக்கே குழு முடிஞ்சுது. அதுக்கப்புறம் வந்த அஞ்சு ஆல்பமும் அதே பேர்ல வேற யாரோ போட்டது.

தேம்ஸ்கரை:

கேபிள்காலம், அந்த 'வேற யாரோ'வைத்தான் நான் பார்த்தேன்.

லண்டன் ஹைட் பார்க். டிக்கெட்டில் அச்சாகியிருந்த தேதி 2005 ஜூலை 9. ஜூலை 7 காலை மூன்று பாதாள ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் செத்துப்போனார்கள். நிகழ்ச்சி 16-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. போகாதே என்று அறைத்தோழர்கள் சொன்னார்கள். டிக்கெட் காசு என் காசு, போனேன்.

முதுகில் பை. உள்ளே தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு. பழுப்புத் தோல், தாடி, பை. அந்த வாரத்து லண்டனில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எதிரில் இருந்த பெண் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார். இறங்கியவர் வெளியே போகவில்லை. பிளாட்ஃபாரத்தில் நாலடி நடந்து அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். நான் பையைக் கழற்றி மடியில் வைத்து ஜிப்பை முழுசாகத் திறந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. மார்பிள் ஆர்ச் வரும்வரை அந்தத் திறந்த பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னென்ன பாடினார்கள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் அதே பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சியில் ஸ்டைப் கண்களின் குறுக்கே நீலச்சாயம் பூசிக்கொண்டு 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாடியது நன்றாக நினைவிருக்கிறது, அது டிவியில் பார்த்தது. நேரில் பார்த்த நாளில் நினைவிருப்பது அந்த ஜிப்தான். அடுத்த வாரம் 22-ஆம் தேதி ஸ்டாக்வெல் ஸ்டேஷனில் பிரேசில் நாட்டு இளைஞர் ஒருவரைத் தீவிரவாதி என்று நினைத்து போலீஸ் சுட்டுக் கொன்றது. செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

செத்த குழுவுக்காக யாரும் அப்படி ஒரு ரயிலில் ஏறமாட்டார்கள். இன்னொன்று: 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பெரும்பாலும் பெர்ரி எழுதியது. ஆனால் ஆல்பத்தில் நான்கு பேர் பெயரும்தான் இருக்கும். அவர்கள் எல்லாப் பாட்டுக்கும் அப்படித்தான் போட்டார்கள். அப்படி எழுதிய பாட்டை மீதி மூன்று பேர் பாடினால் அது வேறு யாரோ பாடியதா?

ஏழாம்தந்தி:

செத்த குழு, சாகாத குழு சண்டையை ஓரமா வைங்கப்பா.

என் அனுபவம் சின்னது. பழைய சிடி விக்கிற கடை ஒண்ணு. 'மான்ஸ்டர்' ஆல்பத்தின் ஆரஞ்சு நிற அட்டை, கரடித்தலை படம், வரிசையா ஒரு அடுக்கு முழுக்க அதுவேதான். வாங்கினவங்க எல்லாரும் திரும்பக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. அமெரிக்காவில மட்டும் நாப்பது லட்சம் போன ஆல்பம். கடைக்காரர் "எடுத்துட்டுப் போங்க, இடம் அடைக்குது"ன்னார். எடுத்தேன். இன்னும் வச்சிருக்கேன். அவ்வளவுதான்.

ஆனா இங்க படிக்கிற புதுசுங்களுக்கு ஒண்ணு சொல்லியாகணும். மாண்டலின் பாட்டுல ஆரம்பிக்காதீங்க. ஹிட் பாட்டுத் தொகுப்பு வாங்காதீங்க. 1982-ல வந்த 'குரோனிக் டவுன்', அஞ்சே பாட்டு, அங்கிருந்து ஆரம்பிங்க. அடுத்தது 1983, 'மர்மர்'. வட கரோலினாவில சார்லட் நகரத்துல மிட்ச் ஈஸ்டரும் டான் டிக்சனும் சேர்ந்து தயாரிச்சது. ஸ்டைப் என்ன பாடுறார்னு புரியாது. புரிய வேண்டாம். வரிகளைத் தேடாதீங்க, அவங்களே 1998-ல வந்த 'அப்' வரைக்கும் எந்த ஆல்பத்திலயும் முழு வரிகளை அச்சடிச்சுக் கொடுக்கலை. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 'மர்மர்'தான் அந்த வருஷத்துச் சிறந்த ஆல்பம்னு சொல்லுச்சு, வரி புரிஞ்சா சொன்னாங்க?

ரெண்டாவது முறை கேக்கும்போது ஸ்டைப்பை விட்டுட்டு மைக் மில்ஸைப் பிடிங்க. பேஸ் கிதார் தாளத்துக்கு முட்டுக்கொடுக்காம தனியா ஒரு மெட்டு பாடிட்டுப் போகும். பின்குரலும் அவர்தான். பக் ஒரு இடத்திலயும் நீளமா கிதார் தனி வாசிக்க மாட்டார், தந்தி தந்தியா பிரிச்சு மணி மாதிரி அடிப்பார். எண்பதுகள்ல எல்லாரும் கிதாரைக் கதற விட்டுட்டிருந்த காலம், அதை ஞாபகம் வச்சுக்கிட்டுக் கேளுங்க. அப்பத்தான் அமெரிக்கக் கல்லூரி வானொலிக்காரங்க ஏன் இவங்களைத் தூக்கி வச்சு ஆடினாங்கன்னு புரியும்.

அப்புறம் 1987, 'டாக்குமென்ட்'. ஸ்காட் லிட் தயாரிப்புல வந்த முதல் ஆல்பம். 1988-ல ஐ.ஆர்.எஸ். இசைத்தட்டுக் கம்பெனியை விட்டு வார்னருக்குப் போனாங்க, 'கிரீன்'. அந்தச் சுற்றுப்பயணம் முடிஞ்சதும் அலுத்துப்போய் ஊர் சுற்றுறதையே நிறுத்திட்டாங்க. அவங்க பேரை உலகம் முழுக்கக் கொண்டுபோன 'அவுட் ஆஃப் டைம்', 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' ரெண்டுக்கும் சுற்றுப்பயணமே கிடையாது. இன்னைக்கு எந்தக் குழுவாவது செய்யுமா? 'ஆட்டோமேட்டிக்'ல நாலு பாட்டுக்கு வயலின் கூட்டம் அமைச்சது லெட் ஜெப்லின் குழுவோட ஜான் பால் ஜோன்ஸ். அதை ராத்திரி தனியா கேளுங்க, வண்டி ஓட்டும்போது வேண்டாம்.

லொசான் அண்ணனுக்குத் தனியா: 1996-ல வந்த 'நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை' கேளுங்க. நீங்க பார்த்த அதே சுற்றுப்பயணத்துல, மேடையிலயும் மேடைச் சோதனையிலயும் பதிவு பண்ணினதுதான் அதுல பாதிக்கு மேல. பெர்ரி வாசிச்ச கடைசி ஆல்பம்.

மொட்டைக்கோபுரம்:

ஏழாம்தந்தி சார், பட்டியல் நல்லா இருக்கு. கேட்டது யாருன்னுதான் தெரியல.

நான் அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸுக்கு, அவங்க குழு ஆரம்பிச்ச ஊருக்கு, படிக்கப் போனது, அவங்க 2011 செப்டம்பர் 21-ல கலைஞ்சுட்டோம்னு அறிவிச்சதுக்கு அடுத்த வருஷம். ஊர் முழுக்க அவங்கதான், ஆனா அவங்க இல்லை. பக் வேலை பார்த்த வக்ஸ்ட்ரி ரெக்கார்டு கடை அப்படியே இருக்கு, ஸ்டைப்பும் அவரும் பழக்கமானது அங்கதான். 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' ஆல்பத்துக்குப் பேர் கொடுத்த வீவர் டீஸ் சாப்பாட்டுக் கடையும் இருந்துச்சு.

அவங்க முதல் கச்சேரி 1980 ஏப்ரல் 5, தோழி ஒருத்தங்களோட பிறந்தநாள் விருந்து. புனித மரி தேவாலயம்னு ஒரு பழைய கட்டடம். வழிபாடு எல்லாம் எப்பவோ நின்னுபோய் மாணவங்க வாடகைக்குக் குடியிருந்த இடம். தேடிப்போனேன். தேவாலயம் இல்லை. இடிச்சுட்டாங்க. கோபுரத்தை மட்டும் விட்டு வச்சிருக்காங்க, சுத்தி அடுக்குமாடி வீடுங்க, கார் நிறுத்துற இடம். செங்கல் கோபுரம் தனியா எதுக்கும் சம்பந்தமில்லாம நிக்குது.

நான் போன் எடுத்துப் படம் பிடிக்க நின்னா, ஒரு அம்மா காரைப் பின்னாடி எடுத்துக்கிட்டே ஹார்ன் அடிச்சாங்க. நான் ஒதுங்கினேன். கண்ணாடியை இறக்கி, "பேண்டுக்காகவா?"ன்னு ஒரு வார்த்தை. ஆமான்னேன். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போ, அங்கிருந்து எடுத்தாத்தான் குப்பைத்தொட்டி தெரியாது"ன்னுட்டுப் போயிட்டாங்க. எடுத்துப் பார்த்தேன், அவங்க சொன்னது சரி.

கேபிள்காலம்:

எல்லாம் சரி. ஆனா ஒரு கணக்கு பாருங்க. 1996-ல வார்னரோட புது ஒப்பந்தம், எட்டுக் கோடி டாலர்னு பத்திரிகைகள்ல வந்துச்சு. ஒரு குழுவுக்கு அதுவரைக்கும் அப்படி ஒரு தொகை கேள்விப்பட்டதில்லை. மறு வருஷம் பெர்ரி போயிட்டார். மீதி மூணு பேர் ஒப்பந்தத்துக்காக ஓட்டினாங்கன்னு சொன்னா என்ன தப்பு? கலைஞ்சதும் கடைசி ஆல்பத்தைக் கொடுத்து முடிச்ச அதே வருஷம்தானே?

பனிமலையான்:

தம்பி, அவர் போனது எப்பிடி எண்டு வாசியுங்கோ. "நான் போனால் நீங்கள் குழுவைக் கலைப்பியள் எண்டால் நான் போகேல்ல" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். மற்ற மூண்டு பேரும் கலைக்கமாட்டம் எண்டு சொன்ன பிறகுதான் போய்த் தோட்டம் செய்தவர். அவையளுக்குள்ள நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும், ஒராள் மாட்டன் எண்டால் அது நிண்டுபோம். அப்ப மூண்டு பேர் தொடர்ந்ததும் பெர்ரி போட்ட நிபந்தனைதானே. எட்டுக் கோடியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நான் அந்த மனுசன் எழும்பிப் போனதைப் பாத்தனான். உயிரோட தோட்டத்தில நிக்கிறார் எண்டால் எனக்கு அது போதும்.

ஏழாம்தந்தி சொன்ன ஹை-ஃபை கேட்டன். நல்லா இருக்கு.

தேம்ஸ்கரை:

ஐயா சொன்னதுக்குக் கூடுதலாக: 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில் நாலு பேரும் சேர்ந்து அந்த மாண்டலின் பாட்டை வாசித்தார்கள். மறுபடி சேர என்ன வேண்டும் என்று தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டதற்கு மில்ஸ் "ஒரு வால்நட்சத்திரம்" என்று சொல்லிவிட்டார். ஒப்பந்தத்துக்காக ஓட்டியவர்கள் என்றால், இன்றைக்கு மறுகூடல் சுற்றுப்பயணத்துக்குக் கிடைக்கும் காசை ஏன் வேண்டாம் என்கிறார்கள்? கேபிள்காலம் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஏழாம்தந்தி:

பதில் அப்புறம் சொல்லிக்கட்டும். மேல நான் போட்ட வரிசைல ஒண்ணு விட்டுப்போச்சு. 'குரோனிக் டவுன்' தனியா கிடைக்கலைன்னா 1987-ல வந்த 'டெட் லெட்டர் ஆஃபீஸ்' சிடியைத் தேடுங்க, அந்த அஞ்சு பாட்டையும் கடைசியில சேர்த்திருக்காங்க. எல்.பி. தட்டு வாங்காதீங்க, அதுல கிடையாது.