மறு: ‘கொல்லணு’வா, ‘களைவணு’வா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான ‘கில்லர் டி செல்’லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார் (‘அணு’ என்று இங்கே சொல்வது செல்லை):

> ‘கில்லர் டி செல்’லுக்குக் ‘கொல்லணு’ போதும். சுருக்கமான சொல், ஓசையும் நன்று. இதில் இன்னும் என்ன பேச இருக்கிறது?

பேச இருக்கிறது ஐயா. கொல்லணு என்றதும் கேட்பவர் மனத்தில் ‘கிருமியைக் கொல்லும் அணு’ என்றுதான் பதியும். ஆனால் அது வெளியே திரியும் வைரஸை ஒன்றும் செய்வதில்லை. வைரஸ் புகுந்துவிட்ட நம்முடைய சொந்த அணுவைத் தேடிப்போய் அழிக்கிறது. கலைச்சொல் இதை மறைக்கக் கூடாது என்பது என் கட்சி.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாதியாக வேலை பார்க்கிறேன். கொரோனா பூஸ்டர் ஊசி போட்ட நாட்களில், செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற அக்கா ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே கேட்டார்: “மிஸ்ஸி, ரெண்டு ஊசி போட்டாச்சு. ஆறு மாசத்துல எதிர்ப்பு சக்தி இறங்கிடும்னு சொல்றாங்க. அப்போ போட்டதெல்லாம் வீணா?” நியாயமான கேள்வி. ஆனால் எதிர்ப்பு சக்தி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்ல முடியாது. சில மாதங்களில் இறங்குவது இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). டி அணுக்கள் அவ்வளவு சீக்கிரம் நம்மை விட்டுப் போவதில்லை. பின்னால் தொற்று வந்தாலும் அது நுரையீரலைப் பிடித்து ஆளைச் சாய்க்காமல் தடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

2020இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வெளியிட்டதை இங்கே சொல்லியாக வேண்டும். 2003இல் சார்ஸ் என்ற பழைய கொரோனா வகை நோய் கண்டு பிழைத்தவர்களின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். 17 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி அணுக்கள் இருந்தன. அதுமட்டுமல்ல, புதிய கொரோனாவின் உட்புரதம் ஒன்றையும் அவை அடையாளம் கண்டன. சார்ஸுக்கு எதிரான எதிர்ப்பொருளோ பலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்திருந்தது.

சரி, அணுவுக்குள் வைரஸ் இருப்பது வெளியே இருக்கும் டி அணுவுக்கு எப்படித் தெரிகிறது? நம் உடம்பில் உட்கரு உள்ள அணுக்கள் அநேகமாக எல்லாம், தமக்குள் தயாராகும் புரதங்களில் கொஞ்சத்தை நறுக்கி, எட்டுப் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளாக வெளிச்சவ்வில் தூக்கிக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. அப்படித் தூக்கிப் பிடிக்கும் மூலக்கூறுதான் எச்.எல்.ஏ. சிடி8 வகை டி அணு, அதாவது நாம் பெயர் தேடும் கில்லர் டி செல், ஒவ்வோர் அணுவாக உரசிப் பார்த்துக்கொண்டு போகும். நம் புரதத்தின் துணுக்கு என்றால் விட்டுவிடும். வைரஸின் துணுக்கு என்றால் அங்கேயே ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தும். அந்த அணு தானே ஒடுங்கிச் செத்துப்போகும். வைரஸுக்குப் பெருக இடம் போயிற்று. இந்த அடையாளம் காணும் முறையைக் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் சிங்கர்நேகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

எதிர்ப்பொருள் பார்ப்பது வைரஸின் வெளி உருவத்தை. வைரஸின் மேல் முள்போல் நிற்கும் ஸ்பைக் புரதம் முகம் மாறினால் அது ஏமாந்துபோகும். 2021 கடைசியில் ஒமிக்ரான் என்ற கொரோனா திரிபு வந்தபோது ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்ததற்கு இது முக்கியக் காரணம். டி அணு பார்ப்பது பல புரதங்களிலிருந்து வரும் பல துணுக்குகளை. அதுவும் ஆளுக்கு ஆள் வேறு வேறு துணுக்குகள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ள ஒமிக்ரானால் முடியவில்லை. டி அணுக்களின் வேலை பெரும்பாலும் கெடாமல் நின்றது.

ஆகவே என் பரிந்துரை: களைவணு.

களைதல் என்றால் வேண்டாததை நீக்குதல். எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. களைக்கொல்லி தெளிக்கும்போது காற்றடித்தால் பக்கத்து இளங்கன்றும் கருகும். கையால் களை எடுப்பவரோ பார்த்துப் பார்த்து எடுப்பார். சிடி8 அணு செய்வது இந்தக் கைவேலையைத்தான். கடுமையான கொரோனாவில் வீக்கம் எல்லை மீறி, நல்ல நுரையீரல் திசுவும் சேர்ந்து கெடுகிறதே, அது மருந்து காற்றில் பரவியதைப் போல.

நண்பர் ஒருவர் முதலில் ‘களையணு’ என்று எழுதியிருந்தார். அதைக் ‘களையாகிப்போன அணு’ என்று, கிட்டத்தட்டப் புற்றுநோய் அணு என்ற பொருளில் படித்துவிடுவார்கள் என்று குழுவின் அம்மா ஒருவர் எச்சரித்தார். அவர் சொன்னது சரிதான். ‘களைவு’ என்று தொழிற்பெயராக்கி அணுவோடு சேர்த்தால் அந்தக் குழப்பம் இல்லை. நான்காம் படிவம் படிக்கும் என் அக்கா மகளிடம் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். உயிரியலை மலாயில் படிக்கிற பிள்ளை. கொல்லணுவுக்குத் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். களைவணு என்றதும், “எதைக் களையுது சித்தி?” என்றாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் மீதியை விளக்குவது சுலபம்.

‘அணு’ என்றால் இயற்பியல் அணுவாகிவிடும் என்ற தடை பற்றி: சிவப்பணு, வெள்ளணு, விந்தணு எல்லாம் நெடுநாளாகப் புழங்குகின்றன, யாரும் குழம்பவில்லை. இலங்கை நண்பர்களின் ‘குழியம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல்தான். ஆனால் இங்கே காதில் விழாத சொல். ‘டி’யை மாற்றவே வேண்டாம். நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் வந்த எழுத்து அது. ‘பி அணு’வோடு சேர்த்தே உலகம் முழுதும் வழங்குகிறது, ஆய்வறிக்கையிலும் அப்படியேதான் இருக்கும்.

மற்றவை சுருக்கமாக. சிடி4 வகை டி அணுவுக்கு (ஹெல்பர் டி செல்) ‘துணையணு’, மறுப்பில்லை. ஆனால் விளக்கத்தில் ‘உதவி செய்கிறது’ என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். பி அணு நல்ல எதிர்ப்பொருள் தயாரிப்பதற்கும் களைவணு முழு வேகத்தில் எழுவதற்கும் இதன் தூண்டுதல் வேண்டும். எச்.ஐ.வி. இந்த ஒரு வகையை அழித்தே உடம்பின் காப்பு முழுவதையும் சாய்த்துவிடுகிறது. நீண்ட நாள் தங்குபவை ‘நினைவணு’. அளவுக்கு மீறிய எதிர்வினையை அடக்கும் டி அணுக்களுக்குத் ‘தணிப்பணு’ என்று குறித்திருக்கிறேன். 2025 மருத்துவ நோபல் இவற்றைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் போனது, அதனால் செய்தித்தாள்களுக்கும் இந்தச் சொல் தேவைப்படும். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.

கிளினிக்கில் மாட்டுவதற்குத் தமிழில் ஒரு பக்க விளக்கத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். களைவணுவுக்குத் தடை ஏதும் இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், தாளில் அதையே போட எண்ணியிருக்கிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து