யுஎஸ்பியில் சரியாக ஓடிய எல்இடி ஸ்ட்ரிப், வைஃபைக்கு மாற்றியதும் மினுக்குகிறது: உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். 27 அங்குல மானிட்டரின் பின்னால் டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடியது) ஒட்டியிருக்கிறேன். மேலே 35, கீழே 35, பக்கத்துக்கு 20 என மொத்தம் 110 எல்இடி. மின்சாரம் தருவது 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ். ஸ்ட்ரிப்பை இயக்கும் போர்டு நோட்எம்சியு (வைஃபை உள்ள ஈஎஸ்பி8266 சிப்), நிறத்தகவல் போகும் டேட்டா வயர் டி5 பின்னில். பிலிப்ஸ் டிவியின் ஆம்பிலைட் போல, திரை ஓரத்து நிறம் பின்சுவரில் படர வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தது.

முதலில் யுஎஸ்பி கேபிள் வழியாக, அடலைட் ஸ்கெட்ச் (கணினி அனுப்பும் நிறங்களை ஸ்ட்ரிப்புக்குக் கொடுக்கும் சிறு நிரல்) போட்டு ஓட்டினேன். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. போன வாரம் கேபிளை எடுத்துவிட்டு, போர்டில் டபிள்யூஎல்இடி என்ற எல்இடி மென்பொருளை ஏற்றி, கணினியில் திரையின் நிறங்களைப் பிடிக்கும் ஹைப்பீரியன் மென்பொருளை வைத்து வைஃபையில் அனுப்பத் தொடங்கினேன். போர்டை மேசைக்குக் கீழே மாற்றியதால் டேட்டா வயர் இப்போது ஒன்றரை மீட்டர். அன்றிலிருந்து ஸ்ட்ரிப்பில் அங்கங்கே பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிகள் பளிச்சிடுகின்றன. காட்சி மாறி ஒரு கணம் கழித்துதான் வெளிச்சம் மாறுகிறது. சில நேரம் அப்படியே உறைந்து நின்று, பிறகு குதிக்கிறது. வைஃபை வேகம் போதவில்லையா? புது ரூட்டர் வாங்க வேண்டுமா?

பதில் 1:
எஸ்எம்பிஎஸ்ஸின் மைனஸும் போர்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்கின்றனவா? கேபிளை எடுக்கும்போது அது விட்டுப்போவது உண்டு. ஈஎஸ்பி கொடுப்பது 3.3 வோல்ட் சிக்னல். 5 வோல்ட்டில் ஓடும் ஸ்ட்ரிப் குறைந்தது 3.5 எதிர்பார்க்கும். சிக்னலை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74ஏஎச்சிடி125 ஐசி ஒன்று வாங்கி நடுவில் போடுங்கள்.

கேட்டவர்:
கிரவுண்ட் சேர்ந்துதான் இருக்கிறது, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் யுஎஸ்பியில் ஓடியபோதும் அதே 3.3 வோல்ட்தானே அண்ணா? அப்போது ஏன் மினுக்கவில்லை?

பதில் 2:
நல்ல கேள்வி. ரூட்டர் வாங்க வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள். 110 எல்இடிக்கு ஒரு ஃப்ரேம் 330 பைட். நொடிக்கு 30 ஃப்ரேம் அனுப்பினாலும் 10 கிலோபைட்தான். எந்தப் பழைய ரூட்டரும் இதைத் தாங்கும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு, அவற்றை முதலில் பிரித்துவிடுங்கள். ஹைப்பீரியனை நிறுத்திவிட்டு, டபிள்யூஎல்இடியின் சொந்த எஃபெக்ட் ஏதாவது ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வெளியிலிருந்து ஒரு தகவல் பாக்கெட்டும் வராத அந்த நேரத்திலும் புள்ளிகள் வந்தால், கோளாறு போர்டுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில். வராவிட்டால் வைஃபை பக்கம் போகலாம்.

கேட்டவர்:
ஓடவிட்டேன். உறைவது சுத்தமாக இல்லை. ஆனால் புள்ளிகள் வருகின்றன.

பதில் 2:
அப்படியானால் டி5தான் என் முதல் சந்தேகம். இந்த எல்இடிக்கு ஒரு பிட் 1.25 மைக்ரோநொடி. ஒரு எல்இடிக்கு 24 பிட், அதாவது 30 மைக்ரோநொடி. 110 எல்இடிக்கு 3.3 மில்லிநொடி. டி5 பின்னில் இந்தத் துடிப்புகளை எல்லாம் பிராசசரே ஒவ்வொன்றாகக் கையால் எண்ணி அனுப்புகிறது. வைஃபை தன் வேலைக்காக நடுவில் குறுக்கிட்டால் எண்ணிக்கை தவறி, தவறான நிறம் போய்விடும். யுஎஸ்பியில் ஓட்டியபோது வைஃபைக்கு வேலையே இல்லை, அதனால் தப்பித்தீர்கள்.

ஈஎஸ்பி8266இல் ஜிபிஐஓ3, அதாவது ஆர்எக்ஸ் பின், டிஎம்ஏ மூலம், அதாவது பிராசசர் எண்ணத் தேவையில்லாமல், தானாக அனுப்பும். ஜிபிஐஓ2, அதாவது டி4, யுஆர்ட் என்ற தனிச் சுற்று மூலம் அனுப்பும். டி4க்கு மாற்றி, டபிள்யூஎல்இடி அமைப்பிலும் 2 என்று கொடுங்கள். போர்டில் உள்ள நீல விளக்கு அதே பின்னில் இருப்பதால் அதுவும் சேர்ந்து மின்னும், பயப்பட வேண்டாம்.

கேட்டவர்:
டி4க்கு மாற்றிவிட்டேன். முக்கால்வாசி போய்விட்டது! ஆனால் தொடக்கத்தில் உள்ள நாலைந்து எல்இடி மட்டும் எப்போதாவது பச்சையாக வெட்டுகின்றன.

பதில் 1:
அது நான் சொன்ன 3.3 வோல்ட் விஷயம். ஒன்றரை மீட்டர் வயர் அதை இன்னும் மோசமாக்கும். போர்டை ஸ்ட்ரிப்பின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டி, வயரை ஒரு சாணுக்குள் முடியுங்கள். ஐசி கைவசம் இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. ஸ்ட்ரிப்பில் ஒரே ஒரு எல்இடியை வெட்டி முன்னால் வைத்து, அதற்குப் போகும் 5 வோல்ட்டை மட்டும் 1என்4007 டையோடு வழியாகக் கொடுங்கள். அதற்கு 4.3 வோல்ட்தான் கிடைக்கும். அப்போது 3 வோல்ட் சிக்னலையே அது ஏற்றுக்கொள்ளும், அடுத்த எல்இடிக்கு 4.3 வோல்ட்டாக அனுப்பும். அமைப்பில் முதல் 1 எல்இடியைத் தவிர்க்கச் சொல்லிவிடுங்கள். ஈயம் வைக்கும் முன் எஸ்எம்பிஎஸ் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம், எஸ்எம்பிஎஸ்ஸின் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கும்.

கேட்டவர்:
டையோடு கிடைத்தது, போட்டுவிட்டேன். நேற்று முழுவதும் ஒரு புள்ளி கூட இல்லை. மிக்க நன்றி அண்ணா. உறைவதும் தாமதமும்தான் பாக்கி.

பதில் 2:
அது வைஃபை பக்கம். டபிள்யூஎல்இடியின் வைஃபை அமைப்பில் உறக்கத்தை முடக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். மின்சாரத்தைச் சேமிக்க ஈஎஸ்பி அவ்வப்போது கண் அயரும், அந்த நேரத்தில் வரும் பாக்கெட்டுகள் தேங்கி நிற்கும். கணினியும் வைஃபையில்தான் இருக்கிறதா? முடிந்தால் கணினியை மட்டும் ரூட்டரோடு கேபிளில் இணையுங்கள், காற்றில் போகும் பயணம் பாதியாகும். அப்புறம் ஹைப்பீரியனில் ஸ்மூத்திங் (நிறம் மெதுவாக மாற எடுக்கும் நேரம்) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

கேட்டவர்:
200 மில்லிநொடி. 80க்குக் குறைத்தேன், உறக்கத்தையும் முடக்கினேன். துப்பாக்கி வெடிக்கும் காட்சியில் வெளிச்சமும் கூடவே வெடிக்கிறது! கடைசியாக ஒன்று: படத்தை நிறுத்தி வைத்தால் சில நொடியில் ஸ்ட்ரிப் முழுவதும் ஆரஞ்சாக மாறிவிடுகிறது. இதுவும் கோளாறா?

பதில் 2:
இல்லை. திரை அசையாவிட்டால் அனுப்ப ஒன்றுமில்லை என்று ஹைப்பீரியன் நிறுத்திவிடுகிறது. இரண்டரை நொடி எதுவும் வராவிட்டால் டபிள்யூஎல்இடி தன் சொந்த நிறத்துக்குத் திரும்பிவிடும், அந்த நிறம்தான் ஆரஞ்சு. ஸ்மூத்திங் பகுதியில் தொடர்ச்சியாக அனுப்பும் தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள்.

கேட்டவர்:
இயக்கிவிட்டேன். கடல் காட்சி ஒன்றில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோதும் சுவரில் அதே நீலம் இருந்தது.