சொல் உதவி: வெள்ளிக்கிழமைக்குள்ள ‘சொயில் ஹெல்த்’துக்கு ஒரு தமிழ்

பண்டாரவளை:
வணக்கம். இலங்கை மலையகத்துல வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு, கரட் போடுறவங்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் தமிழாக்குறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். சொயில் ஹெல்த்துக்கு மண்வளம்னு போட்டுக்கிட்டே வந்து நாலாம் பக்கத்துல மாட்டிக்கிட்டேன். ஃபெர்டிலிட்டிங்கிறது, அதாவது பயிருக்குச் சத்துக் குடுக்குற தன்மை, ஹெல்த்துல ஒரு பங்குதான்னு ஒரு வரி, ரெண்டுக்கும் ஒரே சொல்லுன்னா “மண்வளம் மண்வளத்தின் ஒரு பகுதி”ன்னு வருது, அச்சகத்துக்காரரே சிரிப்பாரு. பிரசுரம் முழுக்க காசுக் கணக்கு வேற. தண்ணி வடியக் கான் வெட்ட, சரிவுக்குக் குறுக்க புல்லு வரிசை வைக்க என்ன செலவு, அந்த வரிசை தின்னுற இடத்துல எவ்வளவு கிழங்கு போகும், மழையில உரம் அடிச்சிட்டுப் போகாம எவ்வளவு மிஞ்சும்னு. மண்வளம்னு போட்டா நம்மாளு உர மூட்டைன்னுதான் வாசிப்பாரு.

பேராதனை:
மண்வளம் எண்டே விடுங்கோ. இந்திய அரசு 2015ல கொண்டுவந்த சொயில் ஹெல்த் கார்ட் திட்டத்துக்கும் தமிழ்நாட்டில மண்வள அட்டை எண்டுதான் பேர். ஃபெர்டிலிட்டிக்கு ஊட்டம் எண்டு போட்டால் முடிஞ்சுது.

ஹட்டன் மாஸ்டர்:
ஊட்டம்னா புள்ளைக்குக் குடுக்குற சத்துமா. மண் நலம்னு போடுங்க. நல்ல நிலத்துக்கு நன்னூல் சொல்ற குணத்துல ஒண்ணு “பருவ முயற்சி அளவிற் பயத்தல்”, பருவத்துக்கும் உழைப்புக்கும் தக்கபடி பலன் குடுக்கிறது, உங்க காசுக் கணக்கே அதுல இருக்கு. இன்னொரு விசயம், மண்ணுதல்னா கழுவுறது, பழைய நூல்ல ராசா நீராடுற மண்ணுமங்கலம் ஞாபகம் இருக்கா? நம்ம மலையில மழைக்கு மண்ணு கழுவிக்கிட்டு மகாவலிக்குப் போறதைப் பாத்தா வேர்ச்சொல் அங்கதான்னு தோணுது. கலைச்சொல்லுக்கு உதவாது, சொல்லாம இருக்க முடியல.

தலவாக்கலை:
எனக்கு மண் சுகம். பழைய தேயிலையப் புடுங்கிட்டு புதுசு நடுறதுக்கு முந்தி, மண்ணு தேறட்டும்னு மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ 18 மாசம், ரெண்டு வருசம்னு போட்டு வைப்பாங்க, அது வரைக்கும் அந்த மலையில கொழுந்தும் இல்ல வருமானமும் இல்ல, கணக்குப் பாக்குற தோட்டத்துத் தொரை மொதல்ல கை வைக்கிறது அதுலதான். எங்கப்பா அந்த மலையக் காட்டி “சுகமில்ல, படுத்திருக்கு”ம்பாரு. இதுக்கு மேல என்ன வெளக்கம் வேணும்?

பேராதனை:
சுகம் வடசொல், மாஸ்டர் விடமாட்டார். ஆனா மாஸ்டர், கண்ணும் நீரும் கண்ணீர் எண்டால் மண்ணும் நலமும் மண்ணலம் எண்டெல்லோ வரவேணும்?

ஹட்டன் மாஸ்டர்:
ஆமா, மண்ணலம்! அதுதான் சரி, அப்படியே போடுங்க. பிரசுரத்தோட முன் அட்டையில “ஏரினும் நன்றால் எருவிடுதல்” குறளையும் போடலாம்.

பண்டாரவளை:
மாஸ்டர், மண்ணலம்னா யாருக்கு வெளங்கும், ஏதோ பொம்பளப்புள்ள பேருன்னு நெனப்பாங்க. குறளும் வேணாம். 2021ல அரசாங்கம் ரசாயன உரத்தை ஒரே அடியா நிறுத்தினப்போ இவங்க பட்டது கொஞ்சமா? எரு நல்லதுன்னு மொதல் பக்கத்துலயே வந்தா மறுபடி அதான்னு தூக்கிப் போட்டுருவாங்க. தலைப்புல மண் நலம், பிரிச்சே. ஃபெர்டிலிட்டிக்கு மண்வளம். இனி மாத்தல, கண்ணு எரியுது.

பேராதனை:
சரி. அரை மனசோட.

தலவாக்கலை:
அடிங்க. தோட்டத்து லயத்துல நான்தானே வாசிச்சுக் காட்டப் போறேன், சுகம்னுதான் வாசிப்பேன்.

ஹட்டன் மாஸ்டர்:
பிரிச்சு எழுதினது பிழை. பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.